சில்கி பிக்பாய் 360: முதிய மரங்களைச் சுற்றி நெருக்கம் கலைக்க ஏற்ற ரம்பம்

கொடிமலைச் சரிவில், காட்டை ஒட்டிய பினாங்குத் தோட்டங்களில் முதிய மெராந்தி என்ற காட்டு மரத்தை அக்காசியாவும் கொடிகளும் நெருக்குகின்றன. அங்கே செயின்சாவைவிட இந்த ஜப்பானிய மடக்கு ரம்பத்தைத்தான் பரிந்துரைப்போம். அலகு 360 மில்லிமீட்டர். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. வேலை மெதுவாக நடப்பதே இதன் பெரிய நன்மை: வெட்டுமுன் அண்ணாந்து பார்க்க நேரம் இருக்கிறது. முதிய மரத்தின் உச்சியை முட்டும் மரங்களை மட்டும் எடுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வெட்டி வெளிச்சத்தைத் திறந்துவிட்டால், ரெசாம் என்ற பெரணியும் மிக்கானியாக் கொடியும் ஏறி, நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மெராந்திக் கன்றுகளை மூடிவிடும்.

பச்சை மரத்துக்குப் பெரிய பல் அலகு வாங்குங்கள். நுண்பல்லில் ஈரத்தூள் அடைத்துக்கொள்ளும். இழுக்கும்போது மட்டுமே வெட்டும். தள்ளும்போது அழுத்தினால் அலகு வளையும், ஒடியவும் செய்யும். 15 சென்டிமீட்டர் தண்டு வரை சுகமாக அறுக்கும். 20-ஐ நெருங்கினால் இழுப்பு குறுகி, தூள் வெளியே வராது.

15 சென்டிமீட்டர் மரமென்றால், விழவேண்டிய பக்கம் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுங்கள். பிறகு எதிர்ப்பக்கம், சற்று மேலே அறுத்து, இரண்டு வெட்டுக்கும் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டையை அறுக்காமல் விடுங்கள். அதுதான் மரத்தைத் திசை மாறாமல் சாய்க்கும். முழுக்க அறுத்தால் எந்தப் பக்கம் சரியும் என்று சொல்ல முடியாது. உச்சிகளைப் பிணைக்கும் கொடிகளை ஆறு மாதம் முன்பே அறுத்து உலரவிட வேண்டும். பச்சைக் கொடி பக்கத்து மரத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

பருத்த அக்காசியாவை நின்றபடியே சாகவிடலாம். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையம் அறுத்து, இடைப்பட்டையை உரித்து, வழவழப்பான படலத்தையும் கட்டை தெரியச் சுரண்டுங்கள். ஒரு கீற்றுப் பட்டை மிஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். நடைபாதை ஓரத்தில் இது வேண்டாம். காய்ந்த கிளை தலையில் விழும். சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட, சொந்த நிலமானாலும், மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். வளையம் அறுப்பதற்கும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் வன இலாகா அனுமதியின்றி ஒரு குச்சியையும் தொடக்கூடாது.

பல் கடினப்படுத்தப்பட்டது, அரம் பிடிக்காது. மழுங்கினால் மாற்று அலகுதான், அது மலிவல்ல. பலா இனத்துத் தெராப், செம்படாக் மரங்களின் பால் அலகில் இறுகுமுன் அன்று மாலையே சமையல் எண்ணெயால் துடையுங்கள். ஈரத்தோடு மடக்கி வைத்தால் மடிப்புத் திருகில் துரு ஏறும், பூட்டு சரியாக விழாது. பூட்டு விழாத அலகு இழுப்பின் நடுவே விரல்மேல் மடங்கும். ஆகவே விரித்ததும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள், இடக்கைக்குத் தடித்த கையுறை போடுங்கள்.