நியூரம்பெர்க்கா, கொலோனா, வியன்னாவா: குழந்தைகளோடு கிறிஸ்துமஸ் சந்தைக்கு எது தோது?

முதலில் காலண்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து, பள்ளி விட்ட கையோடு விமானம் ஏறி 25ஆம் தேதி போய் இறங்கினால், ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் வெறும் கல்தரைதான் வரவேற்கும். அங்கே சந்தை டிசம்பர் 24 மதியத்தோடு சரி. அதே நாட்டின் கொலோனில் பெரும்பாலான சந்தைகள் 23ஆம் தேதியே மூடிவிடும். ஹொய்மார்க்ட் சதுக்கத்தின் ஐஸ் ஸ்கேட்டிங் தளம் மட்டும் புத்தாண்டைத் தாண்டியும் ஓடுவது வழக்கம். ஆஸ்திரியாவின் வியன்னாவில், நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் ராட்ஹவுஸ்பிளாட்ஸ் சதுக்கத்துச் சந்தை 26 வரை உண்டு. ஷோன்புருன் அரண்மனை வாசலில் நடக்கும் சந்தை சமீப ஆண்டுகளில் ஜனவரி முதல் வாரம் வரை நீள்கிறது. ஆக, அரையாண்டு லீவில் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வியன்னாதான். ஜெர்மனி, சுவிஸ், பிரான்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி.

சீக்கிரம் போகலாமே என்று நவம்பரிலேயே கொலோனுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம்) தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, இறந்தவர்களை நினைவுகூரும் நாள். அன்று சந்தை இருக்காது.

நியூரம்பெர்க்: இரண்டு சந்தை, குழந்தைக்கு ஒன்று போதும்

படத்தில் பார்க்கும் நியூரம்பெர்க் சந்தை, ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைகளின் கீழ் ஏறத்தாழ 180 கடைகளோடு நிற்பது. 1628இலேயே எழுத்துச் சான்று உள்ள பழைய சந்தை. அழகில் குறையில்லை, ஆனால் கடைகளுக்கு நடுவே வழி குறுகல். ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்மட்டத்துக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் கோட்டும், கையில் தளும்பும் சூடான ஒயின் கோப்பையும்தான். மடக்கு ஸ்ட்ரோலரின் சின்னச் சக்கரங்கள் கல் இடுக்குகளில் சிக்கித் திரும்பிக்கொள்ளும். இங்கே பெரிய சக்கர வண்டி வேண்டும், இல்லையென்றால் குழந்தையைக் கட்டிக்கொள்ளும் கேரியர் வேண்டும்.

ஆறு வயதுக்குக் கீழே என்றால், இரண்டு மூன்று நிமிட நடையில் இருக்கும் ஹான்ஸ் சாக்ஸ் பிளாட்ஸ் சதுக்கத்துக்கு நேரே போய்விடுங்கள். அது குழந்தைகளுக்கென்றே தனியாக நடக்கும் சந்தை. இரண்டு தட்டு ராட்டினம், குட்டி ஜயன்ட் வீல், சிறுவர் ரயில் எல்லாம் அங்கே. ஹவுப்ட்மார்க்டுக்குப் பகல் 12 மணியை ஒட்டிப் போனால் போதும். ஃபிரவுவன்கிர்ஷ தேவாலயக் கடிகாரத்தில் ஏழு இளவரசர் பொம்மைகள் வெளியே வந்து பேரரசர் நான்காம் கார்லை மூன்று முறை சுற்றும். பொம்மைகள் உயரத்தில் இருப்பதால் தோளில் ஏற்றிக்கொண்டால்தான் குழந்தைக்குத் தெரியும். சதுக்கத்தின் மூலையில் இருக்கும் 19 மீட்டர் பொன்னிற நீரூற்றை, தொலைந்தால் சந்திக்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

சான்டா தாத்தாவை எதிர்பார்த்து வரும் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இங்கே பொன் கிரீடமும் தங்கச் சுருள்முடியுமாக வருவது கிறிஸ்ட்கிண்ட் என்ற இளம்பெண். வியன்னாவிலும் பரிசு கொண்டுவருவது கிறிஸ்ட்கிண்ட்தான்.

சாப்பாட்டில் இரண்டு எச்சரிக்கை. ரொட்டிக்குள் மூன்றாக வைத்துத் தரும் விரல் நீள சாசேஜ் பன்றி இறைச்சி. எலீசன் லெப்கூகன் என்ற மசாலா கேக்கில் கொட்டைப் பருப்புகள் குறைந்தது 25 சதவீதம், மாவு அதிகபட்சம் 10 சதவீதம் என்பது விதி. பருப்பு அலர்ஜி உள்ள குழந்தைக்குக் கையிலேயே கொடுக்கக் கூடாது.

கொலோன்: ரயிலில் வந்து ரயிலில் போகிறவர்களுக்கு

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கதீட்ரல், அதன் பக்கவாட்டில் சந்தை. அங்கிருந்து பொடிநடையாக ஆல்டர் மார்க்ட் சந்தை. அதன் கருப்பொருள் ஹைன்ஸல் குள்ளர்கள்: இரவில் வந்து ஊரார் வேலையை எல்லாம் முடித்துவைத்தவர்கள், தையற்காரர் மனைவி பட்டாணியைக் கொட்டி வழுக்கி விழவைத்ததும் ஊரைவிட்டே போனவர்கள். இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப்போனால் கடைகளின் மேல் நிற்கும் குள்ளர்களைத் தேடுவதிலேயே பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். சைவக்காரர்களுக்கும் இங்கே வயிறு நிறையும்: ரைபகூகன் என்ற உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழோடு. மாவில் முட்டை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். குறை என்னவென்றால் சனிக்கிழமை மாலைக் கூட்டம். நம் தீபாவளிக்கு முந்தைய வார ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

வியன்னா: இடம் தாராளம்

ராட்ஹவுஸ்பிளாட்ஸை ஒட்டியே பூங்கா இருப்பதால் கூட்டத்திலிருந்து விலகி நிற்க முடிகிறது. மற்ற இரண்டிலும் இது கஷ்டம். ஐஸ் ஸ்கேட்டிங், ராட்டினங்கள், ஜயன்ட் வீல் எல்லாம் ஒரே இடத்தில். ஐந்து முதல் பத்து வயதுக்கு என்னைக் கேட்டால் இதுதான். ஸ்கேட்டிங்குக்குக் கையுறை கட்டாயம், சைக்கிள் ஹெல்மெட்டும் எடுத்துப்போங்கள். காலணியைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டாவிட்டால் கால் உள்பக்கம் மடங்கும். விழுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். 25, 26 இரண்டு நாளும் சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். பால், டயப்பர் எல்லாம் 24 காலையிலேயே வாங்கிவிட வேண்டும்.

எங்கே போனாலும்

மூன்று ஊரிலும் டிசம்பர் நடுவில் நாலு, நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். வார நாளில் இரண்டரைக்குப் போய், விளக்கு எரிவதைப் பார்த்து, ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டால் அலுவலகம் விட்டு வரும் கூட்டத்தில் மாட்டமாட்டீர்கள்.

நடக்கும் பிள்ளைக்கு வியர்க்கும், வண்டியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதே குளிரில் விறைத்துப்போகும். வண்டிக்குள் கால்மூடிப் பை போடாமல் அரை மணி நேரம்கூட வேண்டாம். கல்தரையின் குளிர் அடிப்பாதம் வழியாகத்தான் ஏறும். உல்லன் இன்சோல் போட்டு, ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். இறுக்கமான ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

குழந்தைகளுக்கான பழச்சாறு பானத்தின் பெயர் கிண்டர்புன்ஷ். ஒயினும் இதுவும் ஒரே மாதிரிக் கோப்பையில், ஒரே மாதிரிச் சிவப்பில் வரும். "ஓனே அல்கஹோல்" (மது இல்லாமல்) என்று கேட்டு வாங்கி, முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள். காலிக் கோப்பை ஒன்று கேட்டு வாங்கி, டீக்கடைக்காரர் போல நாலு ஆற்று ஆற்றிக் கொடுங்கள். கோப்பைக்கு டெபாசிட் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் வந்துவிடும். குழந்தைக்குக் கோப்பை பிடித்துப்போனால் கொடுக்காமல் எடுத்து வந்துவிடலாம், தப்பில்லை. கழிப்பறைக்கும் ராட்டினத்துக்கும் யூரோ சில்லறை ஒரு பை நிறைய இருக்கட்டும். பல இடங்களில் கார்டு எடுக்கமாட்டார்கள்.