பள்ளியை ஆராயச் செயல்பாட்டுவாதமா, முரண்பாட்டுவாதமா?

கல்விச் சமூகவியலில் ஆய்வேடு எழுதுவோர் முதலில் தடுமாறும் இடம் இது.

பள்ளியின் வேலை
செயல்பாட்டுவாதம் (சமூகம் நிலைக்க ஒவ்வோர் அமைப்பும் ஒரு வேலை செய்கிறது எனும் பார்வை; சமூகவியலாளர்கள் துர்க்கைம், பார்சன்ஸ்): பொது விழுமியம் ஊட்டுவது, திறமை பார்த்துப் பிரிப்பது.
முரண்பாட்டுவாதம் (சமூகத்தை வசதி படைத்தோர், அற்றோர் இடையிலான மோதலாகப் பார்ப்பது; அறிஞர்கள் பூர்தியு, பௌல்ஸ், கின்டிஸ்): ஏற்றத்தாழ்வை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது.

தேர்வு
முன்னது: தகுதியை அளக்கும் கருவி.
பின்னது: வீட்டில் பழகிய பேச்சு நடையும் கோச்சிங் கட்டணமும் மதிப்பெண்ணாக மாறும் இடம். நீட் வந்தபின், 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தமிழ்நாடு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு தந்தது இதில்தான் பிடிபடும். முன்னதில் அது வெறும் விதிவிலக்கு.

சறுக்கல்
முன்னது தோற்றவர் மீதே பழி போடும். பின்னது, ஏழைப் பிள்ளை மேலேறியதை விளக்கத் திணறும்.

காலை வழிபாடு, சீருடை பற்றிய ஆய்வுக்குத் துர்க்கைம் போதும். சேர்க்கை, இடைநிற்றல் என்றால் பூர்தியு. ஆனால் வினாநிரலில் பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கேட்காமல் விட்டால் அவரை இழுத்துப் பயனில்லை.