டோர் பிரவுசர்: மூடிய கதவுகளும் அவற்றை மூடியவர்களும்

ஒவ்வொரு பெரிய ஊடுருவலுக்குப் பிறகும், இணையக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டே போவதற்கு ஹேக்கர் குழுக்கள்தாம் காரணம் என்ற குற்றச்சாட்டு எழுகிறது. அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைச் சட்டங்களின் முகவுரைகளைப் படித்து அறிவதைவிட, இணையத்தில் நம் அடையாளத்தை மறைத்து உலவ உதவும் டோர் பிரவுசரை அன்றாடப் பயன்பாட்டில் வைத்துப் பார்த்து அறிவது எளிது. இந்த மென்பொருளுடன் இணையத்தில் உலவும்போது வழக்கமாகத் திறந்திருக்கும் பல கதவுகள் மூடிக்கொள்கின்றன. ஒவ்வொன்றையும் மூடியவர் யார், எதற்காக மூடினார் என்று கேட்டுக்கொண்டே போனால், ஹேக்கர்களின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஓரளவு தெளிவாகிவிடும். அக்கேள்வியை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

டோர் இலவசமானது; பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் இயங்குகிறது. ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அடித்தளமாகக் கொண்டது என்பதால், தோற்றத்தில் எவருக்கும் அந்நியமாக இராது. வேறுபாடு உள்ளே இருக்கிறது. நாம் திறக்கும் பக்கத்துக்கான கோரிக்கை, தன்னார்வலர்கள் நடத்தும் 'ரிலே' எனப்படும் ஆயிரக்கணக்கான இடைநிலைக் கணினிகளில் மூன்றின் வழியாக, அடுக்கடுக்கான மறையாக்கத்துடன் (என்கிரிப்ஷன்) செல்கிறது. முதல் ரிலேக்கு நம்மைத் தெரியும், நாம் போகும் இடம் தெரியாது. கடைசி ரிலேக்கு இடம் தெரியும், நம்மைத் தெரியாது. இந்த முறை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவானது என்பதையும், டோரை இன்று பராமரிக்கும் லாப நோக்கற்ற அமைப்பு 2006இல் பதிவுசெய்யப்பட்டது என்பதையும், அதன் நிதியில் கணிசமான பங்கு அமெரிக்க அரசிடமிருந்தே வந்திருக்கிறது என்பதையும், இதை 'ஹேக்கர்களின் கருவி' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் அறிந்திருப்பது நல்லது.

மூன்று ரிலேக்களைச் சுற்றிவரும் தரவுப் போக்குவரத்து நேர்வழியில் செல்வதைவிட மெதுவாகத்தான் இருக்கும். இது பழுதன்று, அமைப்பிலேயே உள்ள விலை. செய்திகளையும் கட்டுரைகளையும் படிப்பதற்கு வேகம் போதும்; உயர்தரக் காணொளிக்கும் பெரிய கோப்புகளுக்கும் இது உகந்ததன்று. பாதுகாப்பு அளவு மூன்று நிலைகளில் தரப்பட்டிருக்கிறது. உச்ச நிலையில் பக்கங்களை இயங்கச்செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் எல்லாத் தளங்களிலும் நிறுத்தப்படுவதால் பாதி இணையம் எலும்புக்கூடாகத் தெரியும். நடு நிலையே பெரும்பாலோருக்கு ஏற்றது என்பது என் கருத்து. சாளரத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தைச் சுற்றிச் சாம்பல்நிற ஓரம் தோன்றுவதைப் பலர் பிழை என்று எண்ணக்கூடும். திரையின் அளவைக்கொண்டு ஒருவரை அடையாளம் காண முடியும் என்பதால், எல்லாரும் ஒரே சில அளவுகளில் தெரியுமாறு செய்யும் ஏற்பாடு அது. மூடியவுடன் குக்கிகளும் வரலாறும் அழிந்துவிடுகின்றன.

இனி, மூடிய கதவுகள். முதலில் கண்ணில் படுவது கேப்ட்சா. டோர் வழியாகச் செல்பவர் போக்குவரத்து விளக்குகளையும் மிதிவண்டிகளையும் அடையாளம் காட்டித் தம்மை மனிதர் என்று திரும்பத் திரும்ப மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. சில தளங்கள் அதற்கும் வாய்ப்பளிக்காமல் நுழைவை மறுத்துவிடுகின்றன. விக்கிப்பீடியாவைப் படிக்கலாம், ஆனால் கடைசி ரிலேக்களின், அதாவது வெளியேறும் ரிலேக்களின், முகவரியிலிருந்து திருத்த இயலாது. இந்தக் கதவுகளை எந்தச் சட்டமும் மூடவில்லை. முறைகேடுகளால் சலித்துப்போன தள நிர்வாகிகளே மூடினர். டோர் வழியாகத் தன் வலையமைப்புக்கு வரும் கோரிக்கைகளில் 94 சதவீதம் தீங்கு நோக்கம் கொண்டவை என்று, தளங்களைத் தாக்குதல்களிலிருந்து காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2016இல் கூறியது. கணக்கிட்ட முறை சரியன்று என்று டோர் தரப்பு மறுத்தது. ஒரே வெளியேறும் முகவரியை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும்போது, அவர்களுள் ஒருவர் செய்யும் தாக்குதலின் பழி மற்ற அனைவர்மீதும் விழுவது இயல்பு என்பதால், அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்க நானும் தயங்குகிறேன். ஆயினும் சிக்கலே இல்லை என்று எவராலும் கூற இயலாது. திருடிய கடவுச்சொற்களைத் தானியங்கி முறையில் தளம் தளமாக முயன்று பார்ப்போரும், குப்பைப் பின்னூட்டங்களைக் கொட்டுவோரும் இதே வழியைத்தான் பயன்படுத்துகின்றனர். நெருப்புக்குப் பயந்து அடுப்பையே அணைத்துவிட்ட தளங்கள் உண்டு என்றாலும், இந்த வகைக் கதவுகளுக்கான பொறுப்பில் பெரும்பங்கை ஊடுருவல்காரர்களிடம் ஒப்படைக்கலாம். முகமூடியும் பெயரும் கொண்ட புகழ்பெற்ற குழுக்களைவிடப் பெயரற்ற தானியங்கி நிரல்களுக்கே அதில் அதிகப் பங்கு.

அடுத்த வகைக் கதவில், டோரின் வலையமைப்பையே அடையவிடாமல் அரசு தடுக்கிறது. சீனாவிலும் ஈரானிலும் அப்படித்தான். ரஷ்யா, தடைகளைச் சுற்றிச்செல்ல உதவும் சேவைகளுக்கு எதிரான சட்டத்தை 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2021 டிசம்பரில் டோரின் தளத்தையே முடக்கியது. இவற்றை மீறிச் செல்வதற்கு 'பிரிட்ஜ்' எனப்படும், பொதுப் பட்டியலில் வெளியிடப்படாத நுழைவு ரிலேக்கள் உள்ளன. அவற்றுள் ஸ்னோஃபிளேக் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கது. தடையில்லாத நாட்டில் இருக்கும் ஒருவர் தம் பிரவுசரில் ஒரு சிறு நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவிவிட்டால், அவருடைய கணினியே தற்காலிக நுழைவாயிலாகிவிடும். போக்குவரத்தோ காணொளி அழைப்பைப்போல் தோன்றும். 2021 முதல் இது பிரவுசரின் நிலையான பதிப்பிலேயே இணைந்து வருகிறது. அமைப்புகளில் ஒரு தெரிவைச் சொடுக்கினால் போதும். இந்தத் தடைகளுக்குக் காரணமாக ஹேக்கர்களைச் சுட்டுவது வீண் வேலை. அந்த அரசுகள் தடுக்க விரும்பியது படிப்பவர்களையும் எழுதுபவர்களையும். ஊடுருவலே நிகழாத உலகிலும் அவை இதையே செய்திருக்கும்.

சட்டங்களின் வரலாறு இதைவிடச் சற்றுக் குழப்பமானது. ஹேக்கர்களால் நேரடியாகப் பிறந்த சட்டங்கள் உண்டு. பிரிட்டனில் பிரெஸ்டெல் என்ற தொலைபேசிவழித் தகவல் சேவைக்குள் புகுந்து அரச குடும்பத்தினர் ஒருவரின் அஞ்சல்பெட்டிவரை எட்டிப்பார்த்த இருவரின் விடுதலையை, பொருந்தும் சட்டமில்லை என்று 1988இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை உறுதிசெய்ததன் தொடர்ச்சியாகவே, 1990இல் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் வந்தது. 2021 மே மாதத்தில் பணயத்தொகை கேட்கும் கும்பல் ஒன்று அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியபோது, அந்த மாதம் முடிவதற்குள் இத்தகைய நிறுவனங்கள் ஊடுருவல்களை 12 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனம், மெடிபேங்க் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றின் வாடிக்கையாளர் தரவுகள் 2022இல் திருடுபோன சில மாதங்களில், தனியுரிமையைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கான அபராதத்தின் உச்சவரம்பு 5 கோடி ஆஸ்திரேலிய டாலராகவோ அதற்கும் மேலாகவோ உயர்ந்தது. இவை யாரைக் கட்டுப்படுத்துகின்றன என்று பாருங்கள்: புகுந்தவரையும், கதவைத் திறந்து வைத்திருந்த நிறுவனத்தையும். டோரில் அமர்ந்து படிப்பவருக்கு இவற்றால் ஓர் இடையூறும் இல்லை. அவருடைய தரவு சற்றுப் பாதுகாப்பாகவும் இருக்கக்கூடும்.

சாதாரணப் பயனாளரைத் தொடும் சட்டங்களோ பெரும்பாலும் வேறு திசைகளிலிருந்து வந்தவை. அனைவருடைய தொடர்பு விவரங்களையும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சேமிக்கச் சொன்ன 2006ஆம் ஆண்டின் ஐரோப்பிய உத்தரவுக்கு உந்துதல் மாட்ரிட், லண்டன் குண்டுவெடிப்புகள். 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைச் செல்லாதது என்று அறிவித்தது. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் பெயரால் வந்தது. 2025 ஜூலையில் வயதுச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்ததும் இருப்பிடத்தை மறைத்து உலவ உதவும் வி.பி.என். செயலிகள் அங்கே பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்கு ஏறின. இணையத்தில் பதிப்புரிமைத் திருட்டைத் தடுக்கும் நோக்கில் வந்த அமெரிக்காவின் சோபா மசோதாவை 2011இல் முன்தள்ளியது திரைப்பட, இசைத் தொழில்.

சோபா விஷயத்தில் ஹேக்கர்களைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். 2012 ஜனவரி 18 அன்று விக்கிப்பீடியா முதலிய தளங்கள் தம்மையே இருட்டடித்துக்கொண்டு நடத்திய எதிர்ப்பில் மசோதாவின் ஆதரவாளர்கள் பலர் பின்வாங்கினர். மறுநாள் மெகா அப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளம் முடக்கப்பட்டதற்குப் பழிவாங்கும் வகையில் அனானிமஸ் என்ற ஹேக்கர் குழுவினர் அமெரிக்க நீதித் துறையின் தளத்தையும் இசை, திரைப்பட நிறுவனங்களின் தளங்களையும் அளவுகடந்த கோரிக்கைகளால் மூழ்கடித்தனர். மசோதா அடுத்த நாளே கிடப்பில் போடப்பட்டது உண்மை. ஆனால் அதைச் சாதித்தது முதல் நாளின் அமைதியான எதிர்ப்பே என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாம் நாளின் தாக்குதல், 'பாருங்கள், இதற்காகத்தான் சட்டம் வேண்டும் என்கிறோம்' என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட வாதம். சட்டத்தை அவர்கள் உண்டாக்கவில்லை; அதை விரும்பியவர்களுக்குச் சாட்சியங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

என் வாதத்துக்குச் சற்று இடராக நிற்பது இந்தியாவில் இணையத் தாக்குதல்களைக் கையாளும் அரசு முகமையான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு. இணையத் தாக்குதல்களை ஆராய்வதற்காகவே என்று சொல்லப்பட்ட அந்த உத்தரவு, வி.பி.என். நிறுவனங்கள் சந்தாதாரரின் பெயர், முகவரி, பயன்படுத்தும் நோக்கம் முதலியவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அதனால் பெரிய நிறுவனங்கள் சில தம் சர்வர்களை அந்நாட்டிலிருந்து விலக்கிக்கொண்டன. ஊடுருவலைக் காரணம் காட்டி வந்து, சாதாரணச் சந்தாதாரரின்மேல் இறங்கிய கட்டுப்பாடு இது என்பதை மறுக்க முடியாது. எனினும், பிறருடைய கணினிகளைக் கைப்பற்றி அவற்றின் வழியே தாக்குகிற ஒருவர், தம் சொந்தப் பெயரில் சந்தா கட்டி வி.பி.என். வாங்குவார் என்று எதிர்பார்க்கலாமா? நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தை வேறொருவருக்குப் புகட்டும்போது, நோய் தந்தவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. டோரில் பதிவு என்பதே இல்லாததால், சேமித்து ஒப்படைக்க எதுவும் இல்லை. கட்டண வி.பி.என். சேவையைவிட டோரை நான் உயர்த்திச் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்: ஒரு நிறுவனத்தின் வாக்குறுதியை நம்பவேண்டிய தேவை இங்கே இல்லை.

அடையாளம் மறைந்திருந்தால் குற்றவாளிகளைப் பிடிக்கவே முடியாது என்ற வாதமும் நடந்தவற்றோடு பொருந்தவில்லை. டோரில் மறைந்து இயங்கிய சில்க் ரோடு போதைச் சந்தையின் நிறுவனர், தொடக்க நாட்களில் திறந்த இணையத்தில் தம் மின்னஞ்சலுடன் எழுதிய குறிப்புகளாலும் பொறுமையான புலனாய்வாலும் 2013இல் சான் பிரான்சிஸ்கோ நூலகம் ஒன்றில் கைதானார்; புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மறுபுறம், அரசுகளே ஊடுருவல்காரர்களாக மாறியிருக்கின்றன. 2017 மே மாதத்தில் மருத்துவமனைகளை முடக்கிய வன்னாகிரை என்ற பணயத்தொகை கேட்கும் நிரல், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் பயன்பாட்டுக்காக வைத்திருந்து பின்னர் வெளியே கசிந்த மென்பொருள் ஓட்டையைப் பற்றிக்கொண்டே பரவியது. ஓட்டையைக் கண்டவர்கள் அதை உடனே மென்பொருள் நிறுவனத்திடம் சொல்லாமல் வைத்திருந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

மதிப்புரை என்ற முறையில் டோரின் வரம்புகளையும் சொல்ல வேண்டும். கடைசி ரிலேயை நடத்துபவர், மறையாக்கம் இல்லாத தளங்களுக்குச் செல்லும் போக்குவரத்தைப் படிக்க இயலும். பிரவுசர் இயல்பாகவே மறையாக்கப்பட்ட இணைப்புகளைத்தான் திறக்கும் என்பதால், அது தரும் எச்சரிக்கையை மீறாமல் இருந்தால் போதும். இரு முனைகளையும் ஒருசேரக் கண்காணிக்கக்கூடிய வலிமை படைத்தவர், தரவு புறப்படும், சேரும் நேரங்களை ஒப்பிட்டு ஒருவரை அடையாளம் காணும் வாய்ப்பு உண்டு. சொந்தப் பெயரிலுள்ள கணக்கில் உள்நுழைந்தவருக்கு அந்தத் தளத்திடம் மறைவு ஏதும் மிஞ்சாது. கூடுதல் நீட்சிகளை நிறுவினால், கூட்டத்தில் ஒருவராகத் தெரிவதற்கு மாறாகத் தனித்துத் தெரிவோம். டோரின் வலையமைப்பும் தாக்குதல்களுக்கு விலக்கன்று: 2022இன் நடுப்பகுதியிலிருந்து கோரிக்கைகளைக் குவித்து மூழ்கடிக்கும் தாக்குதல்கள் பல மாதங்கள் நீடித்த பிறகு, டோருக்குள் மட்டுமே திறக்கும் 'ஆனியன்' தளங்களை அணுகும் கணினி சிறு கணக்கொன்றைத் தீர்த்துக் காட்ட வேண்டும் என்ற தற்காப்பு 2023இல் சேர்க்கப்பட்டது. தாக்குதலுக்கு ஆளான ஒரு வலையமைப்பு, யாரிடமும் அடையாள அட்டை கேட்காமல் தன்னைக் காத்துக்கொண்ட முறை அது. சட்டம் இயற்றுவோர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வங்கிப் பணிகளுக்கும் காணொளிகளுக்கும் வழக்கமான பிரவுசரையே வைத்துக்கொண்டு, தேடலுக்கும் வாசிப்புக்கும் டோரை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். பதிவிறக்கத்தை டோர் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்தோ மட்டும் செய்யுங்கள். போலிப் பதிப்புகள் புழக்கத்தில் உள்ளன. கேப்ட்சா விடாமல் துரத்தும் தளங்களில், அந்தத் தளத்துக்கான புதிய சுற்றுவழியைத் தெரிவுசெய்தால் வேறொரு வெளியேறும் முகவரி கிடைக்கும். பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது மாற்றத்தில் கதவு திறந்துவிடுகிறது.