கனத்த உடலுக்கு எந்தக் காலணி: ஹோக்கா பாண்டியா, ப்ரூக்ஸ் அட்ரினலினா?

ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. 95 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 190 முதல் 285 கிலோவுக்கு ஈடான சுமை என்பதால், அவர் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் காலணியின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

ஹோக்கா பாண்டி 8-இன் அடிப்பாகம் தடிமனானது, மெத்தென்றது; குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 4 மி.மீ. மட்டுமே. காமராஜர் சாலையின் கெட்டித் தரையில் அந்த மென்மை இதமாக இருக்கும் என்றாலும், உயர வேறுபாடு குறைவாக இருப்பது கெண்டைக்கால் தசைக்குக் கூடுதல் வேலை தருவதால், ஏற்கெனவே அங்கே வலி உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

ப்ரூக்ஸ் அட்ரினலின் ஜிடிஎஸ் 23-இல் அதே வேறுபாடு 12 மி.மீ. குதிகாலின் இருபுறமும் உள்ள 'கைடுரெயில்ஸ்' என்னும் உறுதியான விளிம்புகள், கால் அளவுக்கு மீறிச் சாய்வதைக் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் பழைய ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். அது உட்புறமாகச் சாய்ந்து, அந்தப் பக்கத்து நுரை சுருக்கம் விழுந்து நசுங்கியிருந்தால், மென்மையை விட்டுக்கொடுத்து அட்ரினலினையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. நேராக நின்றால் பாண்டி போதும்.

இரண்டுக்குமே அகலமான அளவுகள் உண்டு. சென்னை வெயிலில் பாதம் மாலைக்குள் சற்று வீங்கிவிடும் என்பதால், ஓடும்போது அணியும் காலுறையுடன் மாலையில் சென்று, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்கிறதா என்று நின்றபடியே பார்த்து வாங்க வேண்டும்.