கையெழுத்துப் போர்வை: பேனாவா, ஊசி நூலா?

கோத்தகிரிப் பக்கம் ஓய்வுபெறும் டீச்சருக்கு எல்லோரும் கையெழுத்திட்ட ஒட்டுப்போர்வை (துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைத்துத் தரலாம் என்று கிளம்பினால், முதலில் எழும் கேள்வி இதுதான்: பெயரைத் துணியில் பேனாவால் எழுதுவதா, நூலால் தைப்பதா?

பேனா என்றால் தையலே தெரியாதவரும் கலந்துகொள்ளலாம். தாத்தாவின் நடுங்கும் கோடுகூட அப்படியே துணியில் விழும். 1840-களில் அமெரிக்காவில் இந்தப் போர்வைகள் பரவ, துணியில் அழியாத மை கிடைத்ததும் ஒரு காரணம். ஆனால் அக்கால மை சிலவற்றில் இருந்த இரும்பு, நாளடைவில் எழுத்திருந்த இடத்தையே அரித்துவிட்டது. இன்று துணிக்கேற்ற நிறமி (பிக்மென்ட்) மைப் பேனா இருக்கிறது. ஜெல் பேனா பக்கமே போகாதீர்கள். கஞ்சி போக அலசிய பருத்தித் துணியை உப்புத்தாள்மேல் விரித்தால் நழுவாது. தையலுக்கு ஓரத்தில் கால் அங்குலம் விடச் சொல்லுங்கள். எவ்வளவு சொன்னாலும் ஒருவராவது விளிம்புவரை எழுதிவிடுவார்! மலை ஈரத்தில் மை மெதுவாகத்தான் காயும். நன்றாகக் காய்ந்தபிறகே இஸ்திரி.

நூலுக்குப் பொறுமை வேண்டும். பென்சில் கையெழுத்தின்மேல், ஆறிழை நூலில் இரண்டிழை மட்டும் பிரித்துப் பின்தையல் (இடைவெளி விடாமல் பின்னோக்கிக் குத்தித் தொடரும் தையல்) போடவேண்டும். 'ழ', 'ஞ' வளைவுகளில் தையல் குட்டையாக இல்லாவிட்டால் எழுத்து முறுக்குபோல் உடையும். துவைக்கத் துவைக்க மை வெளுக்கலாம். சாயம் போகாத நூல் அதைவிடத் தாங்கும்.

வெள்ளையில் சிவப்பும் கறுப்பும் இங்கே நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூவேலை நிறங்கள். அந்தப் பூவேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த வேலைப்பாடு ஓரத்துக்கு வேண்டுமென்றால் தோடர் பெண்களிடமே வாங்குங்கள்.

நாற்பது பேர் என்றால் நான் பேனாதான் எடுப்பேன். வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர் என்றால் நூல்.