எல்லைக் காவல்: அரசு ஊழியரா, கம்பெனி ஆளா?

வெளிநாட்டு விசாவுக்கு இப்போது பெரும்பாலும் தனியார் மையத்தில்தான் பாஸ்போர்ட்டைக் கொடுக்கிறோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். ஏசி, டோக்கன், கைரேகை, கனிவான பேச்சு, எல்லாம் சரி. ஏன் தாமதம் என்று கேட்டால் மட்டும், "முடிவு எங்க கையில இல்ல சார்." உண்மைதான், முடிவு தூதரகத்துடையது. காகிதம் வாங்கி அனுப்புகிற வேலையைத் தனியாரிடம் விடுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை.

ஆளை அடைத்து வைப்பதும் விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றுவதும் வேறு கதை. அங்கே நான் அரசு ஊழியர் பக்கம். தடுப்பு முகாமுக்குள் போனதில்லை, தீர்ப்புகளைப் பற்றிப் படித்ததை வைத்தே சொல்கிறேன்.

தனியாரிடம் விட்டால் செலவு குறையும், ஆள் சீக்கிரம் கிடைக்கும் என்பார்கள். இருக்கட்டும். தப்பு நடந்தால் யார் சட்டையைப் பிடிப்பது?

2010 அக்டோபர், லண்டன் ஹீத்ரோ. அங்கோலாவுக்குப் புறப்பட இருந்த விமானத்தில், நாடுகடத்தப்பட இருந்த ஜிம்மி முபெங்காவை ஜி4எஸ் என்ற தனியார் பாதுகாப்புக் கம்பெனியின் காவலர் மூவர் இருக்கையில் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். கைகள் பின்னால் விலங்கில். மூச்சு விட முடியவில்லை என்று அவர் கத்தியது மற்ற பயணிகளுக்குக் கேட்டிருக்கிறது. இறந்துபோனார். 2013 மரண விசாரணையில் ஜூரி அதைச் சட்டவிரோதக் கொலை என்றது. 2014-இல் குற்றவியல் நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. கம்பெனி மீது குற்ற வழக்கே இல்லை. நாடுகடத்தும் ஒப்பந்தமோ 2011-லேயே வேறொரு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. உத்தரவு போட்ட உள்துறையும் கூண்டில் ஏறவில்லை.

அரசு என்றால் கருணை என்று சொல்ல வரவில்லை. 2019-இல் டெக்சாஸ் எல்லையில் அரசின் எல்லைக் காவல் நிலையங்களிலேயே உட்கார இடமில்லாமல் ஆட்களை அடைத்திருந்தார்கள். ஆனால் அதைப் படத்தோடு வெளியிட்டது அந்த நிலையங்களை நடத்தும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சொந்தக் கண்காணிப்பு அலுவலகம்.

பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் தீவான டியாகோ கார்சியாவும் அப்படித்தான். 2021 அக்டோபரில் அங்கே வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்களைக் கூடாரங்களில், வேலிக்குள் வைத்தார்கள். காவலுக்கு நின்றது அதே ஜி4எஸ். ஆனால் வைத்திருந்தது பிரிட்டிஷ் நிர்வாகம் என்பதால் வழக்கு அதன் ஆணையர் மேல் நேராகப் போனது. 2024 டிசம்பரில் அப்பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் அந்தத் தடுப்புக்காவல் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. மூன்று வருஷம் கழித்துத்தான், அதுவும் உண்மை.

முகாமில் சமையல், சலவை, கட்டடப் பராமரிப்பு எல்லாம் கம்பெனிக்குக் கொடுக்கலாம். மருத்துவரை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் எனக்கு இன்னும் குழப்பம்.