டிராக்கன்ஸ்பெர்க்கில் கேபின் எடுக்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். செப்டம்பர் 24 பாரம்பரிய தின விடுமுறைக்கு டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பக்கம் போகத் திட்டம் போட்டிருப்பீர்கள். ஜூலையில் எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

அப்பா இறந்து ஒரு வருஷம். அதுவரை அம்மா டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள வீட்டை விட்டு எங்கேயும் வரவில்லை. வருஷத் திதி முடிந்ததும் நானே கேட்டேன், எங்கேயாவது போகலாமா என்று. "கூட்டம் வேண்டாம்மா, சத்தம் இல்லாத இடமா இருந்தா வரேன்" என்றார். அதனால்தான் ஹோட்டல் பார்க்காமல் தனிக் கேபினாகத் தேடினேன்.

சாம்பெய்ன் பள்ளத்தாக்குப் பக்கம், ஆர் 600 சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மரவீடு. பச்சைத் தகரக் கூரை, வாசலில் சிவப்பு ஊஞ்சல், பக்கத்தில் நிறையத் தண்ணீர் ஓடும் ஓடை, பின்னால் சாம்பெய்ன் காசில் சிகரம். மூன்று இரவுக்கு இணையதளத்தில் 7,200 ரேண்ட். விசாரித்து எழுதினேன். உடனே வாட்ஸ்அப்பில் உரிமையாளரின் பதில் வந்தது. தளத்துக்குக் கமிஷன் போகிறது, நேராக என் கணக்குக்கு அனுப்பினால் 6,000 போதும், ஆனால் முழுத் தொகையும் இன்றே வேண்டும் என்றார். நல்ல மனிதராகப் பேசினார். அம்மாவின் வயதைக் கேட்டார், படி அதிகம் இல்லை என்றார். அன்றே இஎஃப்டி, அதாவது வங்கிக் கணக்குக்கு நேரடிப் பரிமாற்றம், போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினோம். N3 நெடுஞ்சாலையில் மூயி ரிவர் சுங்கச்சாவடி தாண்டி, வின்டர்டன் வழியாகத் தார்ச்சாலை முடியும்வரை எந்தக் குறையும் இல்லை. அதற்கப்புறம் ஆறு கிலோமீட்டர் கல்லும் குழியும். எங்கள் சின்னக் காரின் அடிப்பாகம் நான்கைந்து முறை இடித்தது. பக்கி (பிக்கப்) வண்டி இருந்தால்தான் போக முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போய்ச் சேர்ந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஓடை வற்றிக் கிடந்தது. அங்கே மழை கோடையில்தான், ஜூலை மாதக் குளிர்காலம் வறண்ட காலம் என்பது தெரியும், அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. கதவிலேயே சாவி தொங்கியது. உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. சோலார் விளக்கு ஏழரை மணிக்கு அணைந்தது. போனில் சிக்னல் இல்லை. கேட் வரைக்கும் ஏறிப் போனால் ஒரு கோடு வரும்.

இதெல்லாம் பரவாயில்லை என்றுதான் இருந்தோம். அம்மாகூட மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, அப்பாவோடு கொடைக்கானல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அவ்வளவு பேசினார்.

குளிர் ஏறிவிட்டதால் வெந்நீரில் குளித்துவிட்டுப் படுக்கிறேன் என்று போனார். குளியலறைச் சுவரில் கேஸ் கீசர். ஜன்னல் சட்டத்தில் ஆணி அடித்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். 'குளிர் வராமல் இருக்கக் கதவை நன்றாகச் சாத்தவும்' என்று ஒரு சீட்டு வேறு. இருபது நிமிஷம் ஆகியும் வரவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் தள்ளினால் அம்மா தரையில் சுவரோடு சாய்ந்து கிடக்கிறார். "தலை சுத்துதும்மா, வாந்தி வருது" என்றார், குரலே எழும்பவில்லை. நானும் என் கணவரும் போர்வையைச் சுற்றித் தூக்கி வெளித் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். கணவர் கேட்டுக்கு ஓடி அவசர எண் 112-க்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் அந்தப் பாதையில் இறங்கி வர நேரமாகும் என்றதால், அம்மாவையும் எங்கள் மகளையும் காரில் ஏற்றி நாங்களே தார்ச்சாலைக்குப் போனோம். அந்த ஆறு கிலோமீட்டரை என்னால் மறக்க முடியாது. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அந்தக் குளிரில், அம்மாவைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வந்தேன்.

எஸ்ட்கோர்ட்டில் மருத்துவமனையில் விடியும்வரை ஆக்சிஜன் வைத்தார்கள். கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். கேஸ் சரியாக எரியக் காற்று போதாதபோது உண்டாகும் விஷவாயு அது. நிறம் இல்லை, வாசனை இல்லை. கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், இது காட்டாது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். களைப்பு என்று நினைத்துப் படுத்துவிட்டால் எழுந்திருக்க மாட்டோம். என் கணவர் எடுத்த போட்டோக்களைப் பதிவுபெற்ற கேஸ் இன்ஸ்டாலர் ஒருவரிடம் பிறகு காட்டினோம். புகைபோக்கியே இல்லாத கீசர், அதை மூடிய குளியலறையில் மாட்டவே கூடாது என்றார். இந்த நாட்டில் கேஸ் இணைப்புக்குத் தகுதிச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயம். அதை உரிமையாளரிடம் கேட்டேன். அவர் எழுதிய பதில்: இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை, உங்கள் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நீங்களாகத்தான் கிளம்பிப் போனீர்கள், பணம் திரும்ப வராது. அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார்.

இணையதளத்தில் கேட்டால் எங்கள் வழியாக நீங்கள் பதிவே செய்யவில்லை என்கிறார்கள். வங்கியில் கேட்டால், போய்ச் சேர்ந்த இஎஃப்டியை வாங்கியவர் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது என்கிறார்கள். 1,200 ரேண்ட் மிச்சம் பிடிக்கப் போய், கேட்க ஓர் ஆள் இல்லாமல் ஆனோம். தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

எங்கே பதிவு செய்தாலும் குளியலறைப் படம் கேளுங்கள். கீசர் உள்ளே இருக்கிறதா வெளியேயா, புகைபோக்கி உண்டா, ஜன்னல் திறக்குமா, சான்றிதழ் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் கோபப்பட மாட்டார். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை நான் வாங்கிவிட்டேன், இனி அது இல்லாமல் எங்கேயும் தங்கப் போவதில்லை.

2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-வது பிரிவில், சேவை தரமாக இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யவோ பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமை இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, ஸ்க்ரீன்ஷாட்டுகளோடு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். போலீசிலும் புகார் கொடுத்தாகிவிட்டது. இன்னும் பதில் இல்லை.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். மலையை அவர் பார்த்தது மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், கார் ஜன்னல் வழியாகத்தான்.

நேற்று இரவு பார்த்தேன், அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. செப்டம்பருக்குச் சில நாட்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறது. பச்சைத் தகரக் கூரை, சிவப்பு ஊஞ்சல், ஓடை நிறையத் தண்ணீர். உங்களில் யாராவது அதை எடுத்திருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், போட்டோக்களை அனுப்புகிறேன்.